பேச்சிழந்தவரை அளக்கும் கோல்கள்: ஒரு திறனாய்வு

சீப்பின் படம் ஒன்றை நோயாளியின் முன் வைத்து, "இது என்ன?" என்று கேட்கிறார் சோதனையாளர் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி படத்தைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார், சொல் வரவில்லை. வலக்கை விளங்காமற் போனவர் ஆதலால் இடக்கையைத் தூக்கி, தலையை வாருவதுபோல் இருமுறை இழுத்துக் காட்டுகிறார். பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே சோதனையின் விதி. ஆகவே தாளில் சுழி விழுகிறது. அன்று மாலை அதே மனிதர் வீட்டில் அதே சைகையைக் காட்டுகிறார். மனைவி சீப்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார். காலையில் சுழி வாங்கியவர் மாலையில் காரியத்தை முடித்துக்கொண்டார். இவ்விரண்டில் எது அவருடைய உண்மையான அளவு?

இது மருத்துவர்களின் கேள்வி ஆயிற்றே, பௌதிகம் கற்பிப்பவன் இதில் தலையிடுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மாணவருக்கு முதன்முதலாகக் கற்பிப்பது அளத்தலைத்தான். ஓர் அளவுகருவி கைக்கு வந்ததும் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்கிறோம். இக்கருவி எதை அளக்கிறது? திரும்பத் திரும்ப அளந்தால் ஒரே விடை கிடைக்கிறதா? அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறதா? வெர்னியர் அளவிக்கும் வோல்ட்மீட்டருக்கும் பொருந்தும் இக்கேள்விகள், மனிதரை அளக்கும் சோதனைகளுக்கும் பொருந்தும். பேச்சிழந்தவர்களின் அன்றாடச் செய்தித் தொடர்பை அளக்கக் கடந்த அறுபது ஆண்டுகளாக அமெரிக்காவிலும் கனடாவிலும் நெதர்லாந்திலும் உருவான சில சோதனைகளை இக்கேள்விகளைக் கொண்டு சீர்தூக்கிப் பார்ப்போம்.

அஃபேசியா என்பது யாது?

மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டாலும், இரத்தக் குழாய் வெடித்தாலும் அப்பகுதியின் செல்கள் மடிகின்றன. இதனால் வருவதே பக்கவாதம். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு மொழியை ஆளும் பகுதிகள் மூளையின் இடப் பாதியில் அமைந்துள்ளன. சேதம் அங்கே நேர்ந்தால் மொழி குலைகிறது. இந்நிலையே அஃபேசியா, தமிழில் பேச்சிழப்பு எனலாம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடக்கத்தில் இது காணப்படுகிறது. தலையில் பலத்த அடி பட்டாலும், மூளையில் கட்டி வளர்ந்தாலும் இது வரக்கூடும்.

பேச்சிழப்பு என்றதும் ஊமை என்றோ செவிடு என்றோ எண்ணிவிடக் கூடாது. நாக்கும் செவியும் நன்றாகவே இருக்கலாம். அறிவு மழுங்கிவிட்டது என்று எண்ணுவதோ அதைவிடப் பெரிய பிழை. எண்ணத்திற்கும் சொல்லுக்கும் இடையே உள்ள பாதைதான் பழுதடைந்திருக்கிறது. சிலருக்குச் சொல் வெளிவருவதில்லை. சிலருக்குச் சொற்கள் சரளமாக வந்தும் பொருள் கூடுவதில்லை. பிறர் பேச்சும் விளங்குவதில்லை. ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874-இல் விவரித்தது இந்த இரண்டாம் வகையை.

முதல் வகையை உலகறியச் செய்தவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் பால் புரோக்கா. 1861-இல் அவர் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓரசையையே திருப்பிச் சொல்வார். அந்த அசையே அவருக்குப் பெயராகவும் ஆகிவிட்டது. அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த புரோக்கா, இடப்புற முன்பகுதியில் சேதம் இருக்கக் கண்டார். இது மருத்துவ வரலாற்றின் புகழ்பெற்ற செய்தி. ஆனால் புரோக்காவின் குறிப்பிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. மருத்துவமனைக்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டபோது, அந்நோயாளி ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, பின்னர் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று! விடை சரியாக இருந்தது. பாடநூல்கள் அந்த 'டான்' என்ற அசையை நினைவில் வைத்துக்கொண்டன. கணக்கைச் சரியாகச் சொன்ன கையை மறந்தன. பின்னாளில் வந்த சோதனைகளும் பெரும்பாலும் இதே வழியில்தான் சென்றன.

மொழியை அளக்கும் கோல்கள்

அமெரிக்காவில் குட்கிளாஸ், கேப்லன் ஆகிய இருவரும் 1972-இல் வெளியிட்ட பாஸ்டன் சோதனையும், கனடாவில் கெர்ட்டெஸ் உருவாக்கி 1982-இல் வெளிவந்த வெஸ்டர்ன் சோதனையும் இத்துறையின் அடிப்படைக் கருவிகள். வெஸ்டர்ன் சோதனையை எடுத்துக்கொள்வோம். தாமாகப் பேசுதலுக்கு 20, கேட்டு உணர்தலுக்கு 10, திருப்பிச் சொல்லுதலுக்கு 10, பெயரிடுதலுக்கு 10, ஆக 50 மதிப்பெண். அதை இரட்டித்து நூற்றுக்கு இத்தனை என்று ஓர் எண்ணைத் தருவார்கள். 93.8-க்குக் கீழே இருந்தால் பேச்சிழப்பு உண்டு என்பது வழக்கம்.

இக்கோல்களைக் குறைகூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. மொழியின் எந்த உறுப்பு பழுதுபட்டது என்பதை இவை நுட்பமாகக் காட்டுகின்றன. வெவ்வேறு சோதனையாளர்கள் அளந்தாலும் விடை பெரிதும் மாறுவதில்லை. நம் இரண்டாம் கேள்வியில் இவை நல்ல தேர்ச்சி பெறுகின்றன என்றே சொல்ல வேண்டும். இடறுவது முதற் கேள்வியில்தான்.

ஒரு மோட்டாரில் உள்ள கம்பிச் சுருளின் மின்தடையை அளக்கிறோம். அவசியமான அளவுதான், சுருள் எரிந்துபோயிருந்தால் அது உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்த ஓர் அளவை மட்டும் வைத்துக்கொண்டு, இம்மோட்டார் நம் கிணற்றிலிருந்து மணிக்கு எத்தனை லிட்டர் நீர் இறைக்கும் என்று சொல்ல முடியுமா? கிணற்றின் ஆழம், குழாயின் விட்டம், மின்னழுத்தம் எல்லாம் சேர்ந்தல்லவா அதை முடிவு செய்கின்றன! படத்தின் பெயரைச் சொல்லும் திறன் சுருளின் மின்தடை போன்றது. கடைக்குப் போய் வருவது, வலியைத் தெரிவிப்பது, பேரனோடு சிரிப்பது ஆகியவை நீர் இறைப்பது போன்றவை. முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதை அளந்ததாக நினைப்பதே தவறு.

அன்றாடத்தை நோக்கி முதல் அடி

இக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் நியூயார்க்கில் பணியாற்றிய மார்த்தா டெய்லர் சார்னோ. 1965-இல் அவர் அறிமுகப்படுத்தி 1969-இல் நூலாக்கிய பட்டியலில் 45 அன்றாடச் செயல்கள் உள்ளன. செய்தி தெரிவிக்கும் அசைவுகள், பேசுதல், புரிந்துகொள்ளுதல், படித்தல், பிற என ஐந்து பிரிவுகள். நோயாளியோடு இயல்பாக உரையாடிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் ஒன்பது படிகள் கொண்ட அளவில் குறிக்க வேண்டும். இங்கே முழு அளவு என்பது நோய்க்கு முன் அதே மனிதரிடம் இருந்த திறன். இது மிக நேர்மையான ஏற்பாடு. என்றுமே செய்தித்தாள் படித்தறியாத ஒருவரைப் படிக்கவில்லை என்று குறைத்து மதிப்பிட முடியாதல்லவா?

ஆனால் இங்கே கோலாக நிற்பவர் சோதனையாளர்தாம். நல்ல அனுபவம் உள்ளவர் அளந்தால் நல்ல அளவு. இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயம். நோயாளி நோய்க்கு முன் எப்படி இருந்தார் என்பதும் செவிவழிச் செய்திதான். முதற் கேள்வியில் வென்று இரண்டாம் கேள்வியில் தளர்ந்த கோல் இது.

ஹாலண்டின் சோதனை

அடுத்து வந்ததுதான் இத்துறையின் போக்கை மாற்றியது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆட்ரி ஹாலண்ட், பேச்சிழந்த நாற்பது பேரை அவரவர் இயல்பான சூழலில், ஒவ்வொருவரையும் இரண்டு மணி நேரம், உற்று நோக்கி எழுதிய கட்டுரை 1982-இல் வெளிவந்தது. பேச்சிழந்தவர்கள் பேசுவதைக் காட்டிலும் நன்றாகவே செய்தியைப் பரிமாறிக்கொள்கிறார்கள் என்பது அவர் அழுத்தமாக எடுத்துரைத்த கருத்து. இக்கருத்தின் அடிப்படையில் 1980-இல் அவர் வெளியிட்ட சோதனையில் 68 வினாக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என மதிப்பெண், மொத்தம் 136.

வினாக்கள் படங்களின் பெயர் கேட்பவை அல்ல. மருத்துவரைப் பார்க்கச் செல்வதாக ஒரு நாடகம் நடக்கிறது. சோதனையாளரே மருத்துவராகவும் நடிக்கிறார். வணக்கம் சொல்வது, விவரம் தருவது, எழுதியிருப்பதைப் பார்த்துப் புரிந்துகொள்வது, எண்களைக் கையாள்வது, வேடிக்கையை வேடிக்கை என்று உணர்வது என்று பத்து வகைச் செயல்கள் இதில் அடங்கும். எல்லாவற்றிலும் முக்கியமான விதி, செய்தி எந்த வழியில் வந்தாலும் ஏற்கப்படும் என்பது. வாயால் சொல்லலாம், கையால் காட்டலாம், எழுதலாம், வரையலாம். செய்தி போய்ச் சேர்ந்தால் முழு மதிப்பெண். சீப்பைச் சைகையால் காட்டியவருக்கு இங்கே சுழி விழாது. இருபத்தோராண்டுக் கணக்கை விரல்களால் சொன்ன அந்தப் பாரிஸ் நோயாளியும் இங்கே வென்றிருப்பார். இந்த ஒரு விதிக்காகவே ஹாலண்டைப் பாராட்ட வேண்டும் என்பது என் கருத்து.

குறைகள் இல்லாமலில்லை. முதலாவது, நடிப்பு. 'நான் மருத்துவர், நீங்கள் நோயாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்பதைப் புரிந்துகொள்வதே ஒரு தனித் திறன். அது கைவராத ஒருவர் உண்மையான மருத்துவர் முன்னே நன்றாகச் சமாளித்திருக்கக் கூடும். இரண்டாவது, சோதனை அறைக்குள் கொண்டுவந்த அன்றாடம் முழு அன்றாடம் ஆகாது. கடையில் பின்னால் வரிசை நிற்கும். பேருந்தில் இரைச்சல் இருக்கும். எதிரே இருப்பவர் பொறுமை இழப்பார். அமைதியான அறையில் அன்பான சோதனையாளர் முன்னே பெற்ற மதிப்பெண்ணில் இவற்றுக்கு இடமில்லை.

1999-இல் ஹாலண்டும் அவருடன் சேர்ந்தோரும் சோதனையைத் திருத்தினார்கள். வினாக்கள் 50 ஆகவும் வகைகள் ஏழாகவும் குறைந்தன. நடிப்பு என்ற தனி வகை நீங்கியது. பெயரிலும் ஒரு மாற்றம். முதற் பதிப்பின் பெயரில் 'திறன்கள்' என்ற சொல் இருந்தது. இரண்டாம் பதிப்பில் அதன் இடத்தில் 'செயல்கள்' என்ற சொல் வந்தது. சிறு மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் திறன் என்பது ஒருவருக்குள்ளே இருப்பதாக நாம் நினைப்பது; செயல் என்பது நம் கண்ணெதிரே நடப்பது. கருவி அளப்பது செயலைத்தான் என்று ஒப்புக்கொண்டது நல்ல அடக்கம். மூன்றாம் பதிப்பு 2018-இல் வெளிவந்தது.

சட்டையும் சூட்டுக் கறையும்

நெதர்லாந்தில் பிளோமர்ட்டும் உடன் பணிபுரிந்தோரும் 1994-இல் வெளியிட்ட ஆம்ஸ்டர்டாம்-நைமேகன் சோதனை வேறொரு பாதையில் சென்றது. இதில் பத்தே பத்து நிலைமைகள். சலவைக்குப் போட்ட சட்டை சூடுபட்டுக் கருகித் திரும்பி வருகிறது. கடைக்காரரிடம் என்ன சொல்வீர்கள் என்பது போன்றவை. விடையின் பொருள் எவ்வளவு விளங்குகிறது என்பதற்கு ஐந்து படிகளில் ஒரு மதிப்பு. ஒலி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதற்குத் தனியே ஒரு மதிப்பு. இலக்கணம் பிழையாக இருந்தாலும் செய்தி விளங்கினால் போதும். ஒன்றுக்கொன்று ஈடான இரண்டு வினாத்தொகுதிகள் இருப்பதால், சிகிச்சைக்கு முன் ஒன்றையும் பின் மற்றொன்றையும் கொடுத்து முன்னேற்றத்தைக் கணக்கிடலாம். பழைய வினாக்களை மனப்பாடம் செய்து தேறிவிட்டார் என்ற ஐயத்திற்கு இடமில்லை. அளவியல் நோக்கில் இது செம்மையான வேலை.

ஆனால் ஹாலண்ட் திறந்த கதவை இச்சோதனை பாதி மூடிவிட்டது. வாய்ப்பேச்சு மட்டுமே இங்கே கணக்கில் சேரும். கருகிய இடத்தைச் சுட்டிக்காட்டி, முகத்தைச் சுளித்து, கையை விரித்து, 'இதற்கு என்ன சொல்கிறாய்?' என்று கேட்காமல் கேட்பவருக்கு இங்கே மதிப்பு இல்லை. உண்மையான கடையில் அதுவே போதும். சிலசமயம் பேச்சைவிட நன்றாகவே வேலை செய்யும்! அன்றாட மொழியை அளக்கும் சோதனை என்றுதான் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வகையில் பெயர் பொய்யில்லை. இதை அன்றாடச் செய்தித் தொடர்பின் அளவாகப் பயன்படுத்துவோர்தாம் தவறு செய்கிறார்கள்.

வீட்டாரிடம் கேட்டால்?

சோதனை அறையே வேண்டாம், வீட்டில் நடப்பதை வீட்டாரிடமே கேட்போம் என்று முடிவு செய்தார்கள் கனடாவைச் சேர்ந்த லோமாஸ் குழுவினர். 1989-இல் வெளிவந்த அவர்களுடைய அளவையில் 16 செயல்கள் உள்ளன. பிறருடைய கவனத்தை ஈர்ப்பது, ஆம் இல்லை என்று பொருத்தமாகச் சொல்வது, உணர்ச்சியை வெளிப்படுத்துவது, வலியைத் தெரிவிப்பது, பலர் வேகமாகப் பேசும்போது கலந்துகொள்வது என்று பட்டியல் செல்கிறது. இவற்றை அறிஞர்கள் தாமாக உட்கார்ந்து எழுதவில்லை. பேச்சிழந்தவர்களிடமும் அவர்களுடைய துணைவர்களிடமும் கேட்டுத் தொகுத்தார்கள். ஒவ்வொரு செயலுக்கும் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோடு. ஒரு முனை 'சற்றும் முடியவில்லை'. மறு முனை 'நோய்க்கு முன் இருந்தது போலவே'. வீட்டார் கோட்டில் ஓரிடத்தில் குறியிட வேண்டும். பின்பு அதை அளந்துகொள்ளலாம்.

எளிமையும் உண்மையும் கலந்த முறை. ஆனால் கோட்டில் குறியிடுபவர் யார்? மனைவியோ, கணவனோ, மகளோ. நம்பிக்கை பொங்கும் நாளில் குறி வலப்பக்கம் நகரும்; களைத்துப்போன நாளில் இடப்பக்கம் நகரும். இது யாவரும் சொல்லும் குறை. அதைவிட ஆழமான ஒன்று உண்டு. குறியிடுபவரே உரையாடலின் மறுபாதி. 'என் கணவர் தம் வலியைத் தெரிவிப்பதில்லை' என்று ஒருவர் குறிக்கிறார். அவர் தெரிவிக்கவில்லையா, இவர் கவனிக்கவில்லையா? அக்கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உராய்வு எந்தப் பரப்புக்குச் சொந்தம்?

இங்கேதான் நான் சொல்ல வந்த முக்கியமான கருத்து வருகிறது. உராய்வுக் கெழுவைப் பற்றி நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். 'மரத்தின் உராய்வுக் கெழு என்ன?' என்று மாணவரைக் கேட்டால், விவரம் தெரிந்த மாணவர் உடனே திருப்பிக் கேட்பார்: 'எதன் மேல் வைத்த மரம்?' மரத்தின்மேல் மரம் என்றால் ஓர் எண். பனிக்கட்டியின்மேல் மரம் என்றால் வேறோர் எண். உராய்வு ஒரு பொருளின் பண்பு அன்று. தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பரப்புகளின் பண்பு. ஒரு பரப்பின் பெயரை மட்டும் எழுதி எதிரே ஓர் எண்ணைப் போட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

செய்தித் தொடர்பும் அப்படித்தான். சீப்புக்காகக் காட்டிய சைகை வெற்றி பெற்றது காட்டியவரால் மட்டுமா? பார்த்துப் புரிந்துகொண்டவராலும் அல்லவா? இருந்தும் நாம் இதுவரை கண்ட சோதனைகள் யாவும் நோயாளி ஒருவரின் பெயருக்கு எதிரேதான் எண்ணைப் போடுகின்றன. மறு பரப்பு கணக்கிலேயே இல்லை.

இது வெறும் உவமை அன்று. சோதித்துப் பார்க்கப்பட்ட செய்தி. கனடாவின் டொரோண்டோ நகரில் ஆரா கேகன் குழுவினர் நடத்திய ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. தொண்டர்கள் நாற்பது பேர். பேச்சிழந்தவர்கள் நாற்பது பேர். தொண்டர்களில் இருபது பேருக்குப் பேச்சிழந்தவரோடு உரையாடும் முறையில் பயிற்சி அளித்தார்கள். மற்ற இருபது பேருக்கு அப்பயிற்சி இல்லை. பேச்சிழந்தவர்களுக்கு எந்தப் பயிற்சியும் தரவில்லை. பின்னர் உரையாடல்களை மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்ற தொண்டர்கள் முன்னேறியிருந்தார்கள், அதில் வியப்பில்லை. அவர்களோடு உரையாடிய பேச்சிழந்தவர்களின் மதிப்பீடும் உயர்ந்திருந்தது! அவர்களுடைய மூளையில் புதிதாக எதுவும் நிகழவில்லை. எதிரே இருந்த பரப்பு மாறியது, அவ்வளவே.

இந்த உண்மையை ஓரளவு ஏற்றுக் கட்டிய சோதனை, ராட்டர்டாமில் வான் டெர் மூலன் குழுவினர் 2010-இல் வெளியிட்ட 'சினாரியோ' சோதனை. அன்றாட நிலைமைகள் ஆறு, ஒவ்வொன்றிலும் மூன்று கேள்விகள், ஆக 18. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 54. பேச்சு, சைகை, எழுத்து, படம் எல்லாம் ஏற்கப்படும். சோதனையாளர் இங்கே சிலைபோல் உட்கார்ந்திருப்பதில்லை. உதவும் உரையாடல் துணைவராக இருக்கிறார். செய்தி வராவிட்டால் வேறு வழியில் முயலும்படி தூண்டுகிறார். அதற்கும் வராவிட்டால் மேலும் உதவுகிறார். உதவி கூடக் கூட மதிப்பெண் குறையும். எந்த உதவி தேவைப்பட்டது என்பதும் பதிவாகும்.

எதிரே இருப்பவர் உதவினால் அது சோதனை ஆகுமா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உராய்வை அளக்கும்போது நாம் மறு பரப்பை அகற்றிவிடுவதில்லை. அகற்றினால் உராய்வே இராது. இன்ன பரப்பு என்று வரையறுத்து, எல்லாச் சோதனைக்கும் அதையே பயன்படுத்துகிறோம். சினாரியோ செய்வதும் அதுவே. உதவாத சோதனையாளரும் ஒரு பரப்புத்தான். மிகச் சொரசொரப்பான பரப்பு. அன்றாடத்தில் அதிகம் காணக் கிடைக்காத பரப்பு.

பல நாட்டு அறிஞர்கள் பேச்சிழப்பு ஆய்வுகள் யாவற்றுக்கும் பொதுவான அளவைகளைத் தெரிவு செய்ய முயன்றபோது, மொழிக்கு வெஸ்டர்ன் சோதனையை ஏற்றார்கள். மனநலத்துக்கும் வாழ்க்கைத் தரத்துக்கும் அளவைகளை ஏற்றார்கள். செய்தித் தொடர்புக்கு மட்டும் இணக்கம் ஏற்படவில்லை. அதற்கென்று பின்னர் தனியே கலந்து சினாரியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் மொழியை அளந்து பழகிய துறைக்கு, செய்தியை அளப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு இது சான்று.

சினாரியோவிலும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. அதன் மறு பரப்பு பயிற்சி பெற்ற சோதனையாளர். வீட்டில் இருக்கும் பரப்பு வேறு. அதையும் அளக்க ஒரு வழியைக் கேகன் குழுவினர் வகுத்திருக்கிறார்கள். உரையாடலைப் பார்த்து, துணைவர் எவ்வளவு திறமையாக உதவினார் என்பதற்கு ஒரு மதிப்பும், பேச்சிழந்தவர் எவ்வளவு பங்கு கொண்டார் என்பதற்கு ஒரு மதிப்பும் தனித்தனியே இடுவது அம்முறை. இரண்டு பரப்புகளுக்கும் இரண்டு எண்கள். மதிப்பிடுபவரின் கண்ணை நம்பியிருக்கும் முறை என்பதால் நுட்பம் குறைவு. ஆயினும் கேள்வியைச் சரியாகக் கேட்கும் கருவி இதுவே என்று நான் கருதுகிறேன். தவறான கேள்விக்கு மூன்று தசம இடத்திற்கு விடை காண்பதைவிட, சரியான கேள்விக்குத் தோராயமான விடை மேல்.

தமிழில் வேண்டுமானால்

இச்சோதனைகளைத் தமிழ் பேசுவோர்க்குப் பயன்படுத்த வேண்டுமானால் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் போதாது. அன்றாடம் என்பது ஊருக்கு ஊர் வேறு. நம் சோதனையில் ரேஷன் கடையும் பேருந்து நடத்துநரும் மருந்துக்கடையும் வர வேண்டும். எழுத்துத் தமிழில் அமைந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், 'வீட்டிற்குச் சென்றார்' என்று வாழ்நாளில் ஒருமுறையும் வாயால் சொல்லியிராத ஒருவருக்கு அது பேச்சிழப்பின் சோதனை அன்று, படிப்பின் சோதனை.

தலையசைப்பைப் பாருங்கள். 'சரி' என்பதற்கு நாம் தலையை இருபுறமும் சாய்த்து ஆட்டுகிறோம். மேலும் கீழும் ஆட்டினால் 'ஆம்', பக்கவாட்டில் ஆட்டினால் 'இல்லை' என்று மட்டும் எழுதிய அயல்நாட்டு விதித்தாளை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் சரியான விடைக்குச் சுழி விழும். மரியாதை வேறு இருக்கிறது. வீட்டுக்கு வந்த சம்பந்தியைப் பார்த்து 'வாங்க' என்று சொல்ல நினைத்தவர் வாயில் 'வா' என்று வந்துவிடுகிறது. பொருள் விளங்கிவிட்டது, டச்சுச் சோதனையின்படி முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் அது முழு வெற்றி ஆகுமா? வந்தவர் முகம் சுருங்கும். சொன்னவருக்கும் தம் பிழை தெரிந்து கண் கலங்கும். இதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை நாம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

எண்ணின் விளைவு

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு, ஏதோ ஓர் எண் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட முடியாது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யப்படுகிறது. பெயரிடும் மதிப்பெண் பல மாதங்களாக ஏறாவிட்டால் 'இனி முன்னேற்றம் இல்லை' என்ற சொல் வீட்டாரின் காதில் விழுகிறது. அதன் பின் வீட்டில் என்ன நடக்கும் என்பது நாம் அறியாதது அல்ல. நிலத்தை விற்கும்போது அவரைக் கேட்பதில்லை. மகளுக்கு வரன் பார்க்கும்போது கேட்பதில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவர் இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். மொழி போனவரை அறிவு போனவராக நடத்தத் தொடங்கிவிடுகிறோம். தவறான கோலால் அளந்ததன் விலையை அவர்தான் கொடுக்கிறார்.

மறு பரப்பாக இருப்பவர் நாம் என்றால், நம்மால் செய்யக்கூடியதும் உண்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரே அமருங்கள். சிறு வாக்கியங்களாகப் பேசுங்கள். ஆனால் குழந்தையிடம் பேசுவதுபோல் பேச வேண்டாம். முக்கியமான சொல்லை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் கையிலும் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். ஆம், இல்லை என்று சொல்லத்தக்க கேள்விகளைக் கேளுங்கள். சொல் வரும்வரை காத்திருங்கள், முந்திக்கொண்டு முடித்துவிடாதீர்கள். புரியாவிட்டால் புரிந்ததுபோல் தலையாட்டாமல் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் சொன்னதாக நீங்கள் எண்ணுவதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். இவற்றுக்கு மருந்தும் தேவையில்லை, இயந்திரமும் தேவையில்லை.

சோதனைகளைத் தூக்கி எறிய வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. சுருளின் மின்தடையையும் அளப்போம். இறைக்கும் நீரையும் அளப்போம். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளாதிருப்போம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பேச்சிழந்த ஒருவரின் மருத்துவக் குறிப்பேட்டில் இத்தகைய எண் ஒன்றைக் காண நேர்ந்தால், எண்ணை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தச் சோதனையில் வந்த எண் இது, சைகைக்கு அதில் இடம் இருந்ததா, எதிரே உட்கார்ந்திருந்தவர் யார், அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.